திரியுண்ட் ஏறிய மே மாதம்

கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பலாம் என்று மதினியும் நானும் சேர்ந்தது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று நம்மூர்க்காரர் நடத்தும் இமாச்சல நடைப்பயணத்தில். தர்மசாலாவுக்கு மேலே மெக்லியோட் கஞ்சில் தங்கி, அங்கிருந்து திரியுண்ட் என்ற மலைமேட்டுக்கு ஏறினோம். சுமார் 2,850 மீட்டர் உயரம். நம் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான்!

நடத்துபவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நிதானம். மதினிக்கு முட்டுவலி. "மெதுவா வாங்கக்கா, மலை எங்கயும் போயிராது" என்று கடைசி ஆளோடுதான் நடந்தார். விடிந்ததும் கிளப்பிவிட்டார். மலையில் மதியத்துக்கு மேல் திடீரென்று மேகம் கூடும், அதனால் அது சரியான முடிவு. கல்லு தேவி கோயில் வரை பாதை லேசு. கடைசி வளைவுகள்தான் செங்குத்து, அங்கே ஊன்றுகோல் இல்லாமல் மதினி ஏறியிருக்க மாட்டாள். மேலே புல்வெளி, நேர் எதிரே பனி மூடிய தௌலாதார் மலைத்தொடர். அங்கே உட்கார்ந்து புளிச்சோறும் வத்தலும் சாப்பிட்டோம். சமையலுக்கு நம் பக்கத்து ஆளையே கூட்டி வந்திருந்தார், ஒருநாள் இரவு சொதிகூட வைத்தார்!

குறை என்றால் காலணி விஷயம். "சாதாரண ஷூ போதும்" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போதாது. கல்லும் சரளையும் வழுக்குகின்றன, இறங்கும்போது இரண்டு பேர் விழுந்தார்கள். கணுக்காலைப் பிடிக்கிற, அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூவை வாங்கி, நம்மூர் மாவட்ட அறிவியல் மையம் பக்கமோ ஆற்றங்கரையிலோ முன்கூட்டியே நடந்து பழக்குங்கள். அப்புறம் ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. மே மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள், ராத்திரி நல்ல குளிர்.

அடுத்த வருடத்துக்கு மதினி இப்போதே பெயர் கொடுத்துவிட்டாள்.