மேட்டா, சாட்டினா, கிளாஸா: கிழக்கு ஜன்னலும் ஒரு தேக்குத் தளமும்

புதுச்சேரிப் பழைய வீடுகளில் தேக்கு உத்தரம் சாதாரணம். அதன் மேல் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் இருக்கும். பலகைத் தளம் அபூர்வம். எங்கள் மாடி அறையில் அந்த அபூர்வம் இருக்கிறது. பழைய பாலிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு முடித்ததும் பாலிஷ்காரர் கேட்டார்: "சார், கிளாஸா, மேட்டா?" கிளாஸ் என்றால் பளபளப்பு, மேட் என்றால் மங்கல், சாட்டின் இரண்டுக்கும் நடு. பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சுதான் அடிக்க வேண்டும் என்பதை ஒரே நாளில் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு மூன்று வாரம் பிடித்தது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த சிவப்பு ஆக்சைடு தரையில் வளர்ந்தவர். "குனிஞ்சா முகம் தெரியணும்டா, அதுக்குப் பேருதான் தரை" என்றார்.

பாலிஷ்காரரும் அம்மா கட்சி. கிளாஸ்தான் உறுதி என்று அடித்துச் சொன்னார். அதில் பெரிய உண்மை இல்லை. ஒரே வகை பி.யு.வில் எல்லா டப்பாவிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான். மங்கலாக்குவதற்கு நுண்ணிய சிலிக்கா தூள் சேர்க்கிறார்கள். அது மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடாக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. மிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை 60 டிகிரி கோணத்தில் மீட்டர் வைத்து அளக்கிறார்கள். 70-க்கு மேல் கிளாஸ், 50-ஐ ஒட்டி செமி கிளாஸ், 30 முதல் 40 வரை சாட்டின், 20-க்குக் கீழே மேட் என்பது தோராயக் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கடையில் பெயரை நம்பாமல் எண்ணைக் கேளுங்கள்.

கிளாஸ் அடித்த தேக்கு அழகு, மறுக்கவில்லை. ரேகை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல் தெரியும். ஆனால் எங்களுக்குக் கடலும் கிழக்கே, ஜன்னலும் கிழக்கே. காலை ஏழு மணி வெயில் தரையோடு படுத்து வரும். அந்த வெளிச்சத்தில் ரோலர் போன தடம், காயும்போது விழுந்த தூசு, பூனையின் நகக்கீறல் என்று ஒன்றும் தப்பாது. அப்புறம் மணல். கடற்கரை மணலில் நிறைய குவார்ட்ஸ் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அது 7. எந்த பி.யு.வும் அதற்கு முன் நிற்காது. கீறல் மேட்டிலும்தான் விழும். கிளாஸ் அதை ஊருக்கே காட்டும்.

அப்போது மேட் போதுமே என்றுதான் நானும் நினைத்தேன். பச்சை மரம் போன்ற தோற்றம், கூச்சம் இல்லை, தூசு தெரியாது. ஆனால் கழிவுப் பலகையில் மூன்று கோட்டும் (பூச்சும்) மேட்டாகவே அடித்துப் பார்த்தபோது தேக்கின் மேல் லேசாகப் புகை படிந்தது போல் இருந்தது. கோட்டுக்குக் கோட்டு சிலிக்கா சேர்வதால் வரும் மங்கல் அது. அடிக்கோட்டுகளை கிளாஸில் போட்டு, கடைசிக் கோட்டை மட்டும் மேட்டில் முடித்தால் ரேகை தெளிவாக நிற்கிறது. இதைவிடப் பெரிய குறை நாளாவட்டத்தில் தெரிவது: வாசலிலிருந்து கட்டில் வரை கால் படும் பாதையில் மேட் தேய்ந்து மினுங்க ஆரம்பிக்கும். அதே பாதையில் கிளாஸ் மங்கும். சாட்டின் நடுவில் இருப்பதால் தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் வித்தியாசம் குறைவு. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

செமி கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளாஸின் தொல்லைகள் பாதியும், அம்மாவின் திருப்தி பாதியும். கிழக்கு வெயில் விழாத உள் அறையாக இருந்தால் யோசித்திருப்பேன்.

சாட்டின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது கலக்கல். சிலிக்கா டப்பாவின் அடியில் படிந்துவிடும். குச்சியை அடிவரை விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். குலுக்கினால் குமிழி வரும். சரியாகக் கலக்காவிட்டால் ஒரே டப்பாவில் முதல் பாதி பளபளக்கும், கடைசிப் பாதி மங்கும். ஈரம் காயும் முன் எல்லாமே கிளாஸ் மாதிரிதான் தெரியும்; பயந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். காயத் தாமதமாகும், சில பாலிஷ்கள் ஈரக்காற்றில் பால் போல் வெளுக்கும். நாங்கள் மாசியில் செய்தோம். பின்னால் மனம் மாறினால் மரம் வரை சுரண்டத் தேவையில்லை. மேலாக உப்புத்தாள் போட்டு, வேண்டிய பளபளப்பில் ஒரு கோட்டு அடித்தால் போதும்.

மிஞ்சிய கிளாஸ் டப்பா ஊஞ்சல் பலகைக்குப் போனது, நான்கு கோட்டு. குனிந்தால் முகம் தெரிகிறது. மணல் காலோடு யாராவது ஏறப் பார்த்தால் அம்மா விடுவதில்லை.