தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்: அரை மணி போதாது

கும்பகோணத்திலிருந்து கிளம்பும் கோயில் சுற்றுலா வண்டிகள் தாராசுரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குகின்றன. அதற்குள் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு படம், சுவாமி தரிசனம், மாடும் யானையும் ஒட்டிய சிற்பம், அவ்வளவுதான் முடியும். இந்தக் கோயிலின் உண்மையான சரக்கு நம் இடுப்பு உயரத்துக்குக் கீழே, சுவரின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதைப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும், குனியத் தயங்காத முதுகும் வேண்டும்.

கட்டியவன் இரண்டாம் ராஜராஜன், 12ஆம் நூற்றாண்டு. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயில் 1987லேயே ஏறிவிட்டது. விமானம் ஏறத்தாழ 80 அடிதான். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். உயரத்தை எதிர்பார்த்து இங்கே வரக்கூடாது.

தல புராணத்தைக் குருக்களோ வழிகாட்டியோ இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். துர்வாசர் கொடுத்த மாலையை இந்திரன் யானையின் தலையில் வைக்க, யானை அதைக் கீழே போட்டு மிதிக்க, முனிவர் சாபத்தால் ஐராவதம் வெள்ளை நிறத்தை இழந்தது. இங்கே வழிபட்டு நிறம் திரும்பப் பெற்றது. மதுரைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வெள்ளை யானையின் சாபம் தீர்ந்தது தங்கள் ஊரில்தான் என்று திருவிளையாடல் புராணத்தில் ஒரு படலமே இருக்கிறது. இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். குளத்துக்கு எமதீர்த்தம் என்று பெயர். சாபத்தால் உடம்பெல்லாம் எரிந்த எமன் இதில் மூழ்கிக் குணமானான் என்பது இரண்டாவது கதை.

யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லாத கதைகள் கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பீடமான அதிட்டானத்தில் வரிசையாக இருக்கின்றன. நாயன்மார் வரலாறுகளைச் செதுக்கிய சிறு பலகைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அடி உயரம்தான், பலவற்றின் மேல் அந்தக் கால எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலை எடுத்தவன். நூல் அரங்கேறிய சூடு ஆறுவதற்குள் கல்லில் ஏறிவிட்டது என்றே சொல்லலாம். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட காட்சியைத் தேடிப் பிடியுங்கள். திறந்த முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பதிகத்தையே அடக்கியிருக்கிறார் சிற்பி.

இதைப் பார்க்க வெளிச்சம் முக்கியம். கோயில் கிழக்குப் பார்த்தது; தெற்கு, வடக்குச் சுவர்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும்போதுதான் புடைப்பின் நிழல் தெரியும், முகங்கள் எழுந்து வரும். ஏழு மணிக்குள் போய்விடுங்கள். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகி, வெறும் கரடுமுரடான கல்லாகத்தான் தெரியும். நிழலில் இருக்கும் பலகைகளுக்கு ஒரு சின்ன டார்ச் உதவும். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். செல்போன் ஃபிளாஷ் நேராக அடிப்பதால் உள்ளதும் போகும். எழுத்து தெரியட்டும் என்று விபூதியைப் பூசிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோயில் தளம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வாக இருப்பதால், நல்ல மழை பெய்தால் பிராகாரத்தில் தண்ணீர் நின்றுவிடும். அப்போது பலகைகளுக்குப் பக்கத்தில் போக முடியாது. சித்திரை, வைகாசியில் வேறு பிரச்சினை: பத்து மணிக்கு மேல் கல் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. பழைய காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். தை, மாசிதான் சரியான காலம்.

முன்னால் இருக்கும் ராஜகம்பீரன் திருமண்டபத்தில்தான் கூட்டம் முழுக்க நிற்கும். குதிரை இழுக்கும் தேர் போல அமைத்த முகப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் எடுத்த கையோடு இறங்கிவிடாமல், உள்ளே தூண்களின் சதுரங்களைப் பாருங்கள். காமதகனம், பார்வதி தவம், திருமணம், முருகன் பிறப்பு என்று கதை நகர்கிறது. மாடும் யானையும் ஒட்டிய அந்த ரிஷபகுஞ்சரத்தைப் பார்க்கும் முறை எளிது: உள்ளங்கையால் ஒரு உடம்பை மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. தலை இரண்டுக்கும் ஒன்றே. மூன்று முகமும் எட்டுக் கையும் கொண்ட அர்த்தநாரியை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

பலிபீடத்துப் பக்கம் இருக்கும் இசைப்படிகள் ஏமாற்றம் தரும். தட்டினால் ஸ்வரம் வரும் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கல்லால் தட்டித் தட்டியே இப்போது கம்பிக்குள் பூட்டும்படி ஆகிவிட்டது. கேட்க முடியாது. பூட்டியது சரிதான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. மதியம் நடை சாத்துவார்கள், மாலை நான்கு மணிக்கு மேல்தான் தரிசனம். கும்பகோணம் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினால் தாராசுரத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆட்டோவுக்கும் தூரம் அதிகமில்லை. குறை என்றால் ஒன்றுதான்: நாயன்மார் பலகைகளின் வரிசையை ஒவ்வொன்றாக விளக்கும் தகவல் பலகை இல்லாதது. அறுபத்து மூவர் கதைச் சுருக்கம் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் பாதி அடையாளம் காணலாம். வடக்கே தனியாக நிற்கும் பெரியநாயகி அம்மன் கோயிலைப் பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அமைதியாக உட்கார அதுவே நல்ல இடம்.

மறுநாள் தஞ்சாவூர் போகிறவர்கள் அரண்மனைக் கலைக்கூடத்தில் அரை மணி ஒதுக்குங்கள். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகர் சிலை, அந்தச் செய்தியைப் பொறித்த கல்வெட்டோடு, அங்கேதான் நிற்கிறது. முன்பு தாராசுரத்தில் இருந்தது.