ஆள் ஒரு மாதிரி, சட்டை நல்ல மாதிரி

கொழும்பு வெள்ளவத்தையில் சாறிச் சட்டை நன்றாகத் தைக்கிற ஆள் யார் என்று விசாரித்தால், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் இந்தக் கடையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொன்ன கையோடு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஆள் ஒரு மாதிரி" என்றும் சேர்த்துவிடுவார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் பதில் வராது. கையை ஒரு தரம் சுழற்றிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். நல்ல பட்டுத்துணியோடு போகிறவருக்கு இந்தத் தகவல் போதாது. பல வருடமாக அங்கே தைப்பிக்கிறவள் என்பதால் மிச்சத்தை நான் சொல்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அரைவாசி இறக்கிய ஷட்டர், இரண்டு மெஷின், ஒரு வானொலி, ஐயா, அவருடைய மனைவி. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் திறந்திருக்கும். ஒரு காரணமும் இல்லாத செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும். ஆடிவேல் தேர் காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வருகிற நாளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தேரோடு போய்விடுவார். அளவை மனைவி எடுத்துச் சொல்ல, இவர் கொப்பியில் எழுதுவார். பாதியில் எழும்பி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அந்த அம்மா நாடாவும் கையுமாக நிற்பார், நீங்கள் கையைத் தூக்கியபடி நிற்பீர்கள். திரும்பி வந்ததும் முதலிலிருந்து எழுதத் தொடங்குவார். ஃபோனில் கழுத்து டிசைன் காட்டினால், "அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவுக்குத் தைச்சுத் தாறன்" என்பார். அதே ஆள் இன்னொரு நாள், கேட்காமலே கையில் அழகான பைப்பிங் வைத்து, அதற்குக் காசும் வாங்காமல் விடுவார்.

இப்படி ஒரு மனிதருக்கு என்ன பெயர் வைப்பது? அம்மா சொல்வது 'விசரன்', அதாவது பைத்தியக்காரன். அம்மா யாழ்ப்பாணத்து நெல்லியடி, அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். எரிச்சல் வந்தாலும் விசர் வருகிறது, பொய் சொன்னாலும் விசர்க்கதை, கடிக்கிற நாயும் விசர் நாய். ஆகவே அம்மா சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்தில் பழம் விற்கிற சிங்கள அண்ணர் நெற்றிப்பொட்டைத் தொட்டு "பிஸ்ஸு" என்று சிரிப்பார். அதில் பாசமும் இருக்கிறது, ஏனென்றால் அவருடைய சேர்ட்டும் இங்கேதான் தைக்கப்படுகிறது. அலுவலகத்தில் ஒருத்தி 'நட்டு கழண்ட கேஸ்' என்றாள். எனக்கு அது பொருந்தவில்லை. இவருக்கு எல்லா நட்டும் அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறது. 'முசுடு' என்பது பாதி சரி. முசுடு சிரிக்காது, இவர் சிரிப்பார், நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில். 'பச்சோந்தி' முழுப் பிழை. பச்சோந்தி என்று சொல்வது லாபம் பார்த்து நிறம் மாறுகிறவரை. இவர் மாறுகிற ஒவ்வொரு முறையும் நட்டம் இவருக்குத்தான்.

'நேரத்துக்கொரு குணம்' என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது குணத்துக்கு மட்டும். கைக்கு ஒரே குணம்.

லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார். அதனால் முதல் கழுவலில் உள்துணி சுருங்கி வெளித்துணியை இழுத்துக்கொண்டு நிற்பதில்லை. பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விட்டு வைப்பார். உடம்பு வைத்த பிறகு பிரித்துவிட்டேன், பழைய சட்டை புதிதாக உடம்பில் இருந்தது. கடற்காற்றுக்குக் கொழுக்கி துருப்பிடித்து மஞ்சள் கறை வைக்கும் என்பது வெள்ளவத்தையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இவர் போடும் கொழுக்கி இதுவரை என் சட்டையில் கறை வைத்ததில்லை. எல்லாவற்றையும் விட, கைக்குழி. 100ஆம் இலக்க பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கோட்டை வரை நிற்கலாம், சட்டை இடுப்பிலிருந்து மேலே ஏறாது. இதற்கு மேல் ஒரு தையல்காரரிடம் நான் என்ன கேட்க?

வேறொரு இடமும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஏசி, கண்ணாடி, கதிரை, "வாங்கோ அக்கா" என்று தேனாக ஒரு வரவேற்பு. படம் காட்டினால் "செய்யலாம்", ஆழம் கூட்டச் சொன்னால் "செய்யலாம்", வெள்ளிக்கிழமை வேண்டும் என்றால் "கட்டாயம்". வெள்ளிக்கிழமை போனால் திங்கட்கிழமை, திங்கள் போனால் கரண்ட் இல்லை, தைத்து வந்ததில் பின்கழுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நிமிடத்துக்கு நிமிடம் சொல் மாறிய அந்த மனிதரை ஒருவரும் 'ஒரு மாதிரி' என்று சொல்வதில்லை. நல்ல பிள்ளை என்கிறார்கள். ஐயா முடியாது என்றால் முடியாது. தைக்கிறேன் என்று துணியை வாங்கி வைத்தால் அது சட்டையாகித்தான் திரும்பி வரும். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

என்னைக் கேட்டால் அவருக்குச் சரியான சொல் 'பித்தன்'. பித்தம் தலைக்கேறியவன் என்று ஏசவும் செய்யலாம், கோயிலில் பாடவும் செய்யலாம். கலியாண வீட்டில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவரைச் சுந்தரர் அப்படித்தான் ஏசினார். அதே சொல்லை முதலில் வைத்துப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், கிழவராக வந்திருந்த சிவபெருமான். ஐயாவிடம் அவ்வளவு பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டாம். முகத்துக்கு நேரே ஏசிய ஒருவரின் காஞ்சிபுரம் துணி, வெட்டுப்படாமல் வந்த மடிப்போடு திரும்பிப் போனதை நான் பார்த்தேன். மனைவியிடம் கேட்டால், "அவர் அப்பிடித்தான் பிள்ளை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் தேடுவதில்லை.

சரி, போகிறவர்களுக்கு. லைனிங் போட்ட சட்டைக்குக் கடைசியாக என்னிடம் 2,800 ரூபாய் வாங்கினார். ஆளைப் பார்த்து விலை மாறுவதில்லை. காசு மட்டும், கார்ட் இல்லை. பத்து மணிக்கு முன் போக வேண்டாம். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் அந்த ஒழுங்கைப் பக்கமே திரும்ப வேண்டாம். கலியாணச் சட்டை என்றால் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிட்டு, 'அவசரம்' என்ற சொல்லை வாயில் எடுக்காமல் இருங்கள். வானொலியில் செய்தி போகும்போது பேசக் கூடாது. அளவுக்கென்று பழைய சட்டை எதையும் கொண்டு போகாதீர்கள்: அதைத் தைத்தவர் யார் என்று கேட்டு ஏசத் தொடங்குவார், அன்றைக்கு உங்கள் துணி வெட்டுப்படாது.