கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்: 3டி காசு வாங்கி 2டி ஓட்டுகிறார்கள்

2022 டிசம்பர், அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. ‘அவதார்’ இரண்டாம் பாகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி 3டி பார்க்கப் போகிறவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தியேட்டரில் போஸ்டரிலும் 3டி, கவுன்டரிலும் 3டி, ஆளுக்கொரு கண்ணாடிக்குத் தனிக் காசு. திரையில் ஓடியது மட்டும் 2டி. தியேட்டர் பெயரை இங்கே எழுதவில்லை. மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

முதல் பாகம் 2009 டிசம்பரில் வந்தது. 13 வருடம் காத்திருக்க வைத்து, 2022 டிசம்பர் 16 அன்று இரண்டாவதை விட்டிருக்கிறார்கள், தமிழிலும் பேசுகிறது. கதை இந்த முறை காட்டை விட்டுக் கடலுக்கு இறங்கிவிட்டது. பவளப்பாறை ஓரம் வாழும் சனம், திமிங்கிலம் போன்ற பெரிய உயிர்கள், அவற்றை வேட்டையாடக் கப்பலில் வரும் மனிதர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான ஹாலிவுட் படம் ஏது? அந்த வேட்டைக் காட்சியில் என் மகள், “அப்பா, நம்ம ஆவுளியா மாதிரியே பாவமா இருக்குப்பா” என்று காதில் சொன்னாள். (ஆவுளியா என்றால் கடல்பசு. அதற்கென்று பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவித்தது 2022 செப்டம்பரில்தான்.)

எங்களோடு வந்தவர்களில் முக்கியமானவர் என் தங்கை வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். சினிமாவில் பெரிய ஆர்வம் கிடையாது. ஆனால் இந்தப் படத்தை எடுத்த ஜேம்ஸ் கேமரூன் 2012-இல் தனி ஆளாக நீர்மூழ்கியில் மரியானா அகழியின் அடிக்கே, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்வந்தவர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடிகர்களை நிஜமான தண்ணீர்த் தொட்டிக்குள் மூச்சடக்க வைத்துத்தான் பல காட்சிகளை எடுத்தார்கள், கேட் வின்ஸ்லெட் என்ற நடிகை ஏழு நிமிடத்துக்கு மேல் மூச்சைப் பிடித்திருந்தார் என்றேன். “ஏழு நிமிசமா? வாங்க மச்சான், அதையும் போய்ப் பாத்துருவோம்” என்று கிளம்பிவிட்டார். வாடைக்காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அன்றைக்குத் தொழிலும் இல்லை.

டிக்கெட் ஆளுக்கு 150 ரூபாய், கண்ணாடிக்கு 30. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக மொத்தம் 1080. பஸ்ஸும் பாப்கார்னும் தனிக் கணக்கு. டிக்கெட் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய்தான் உச்சம் என்று 2017-இல் அரசு வைத்தது. ஒரே திரை உள்ள நம் ஊர் தியேட்டர் 150 கேட்கிறதென்றால், அச்சடித்த விலை என்ன, வரி என்ன என்று டிக்கெட்டில் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த சீட்டில் விலையே இல்லை. கண்ணாடிக்கும் ரசீது இல்லை. போனில் ஸ்கேன் செய்து அனுப்பினால் தியேட்டர் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வருகிறது. ‘3டி படம், கூட்டம் வேறு, இப்படித்தான் இருக்கும்’ என்று பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

விளக்கு அணைந்து படம் தொடங்கியதிலிருந்தே திரை இருட்டு. 3டி என்றால் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். படத்தில் ஆட்கள் கடலுக்குள் இறங்கியதும் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. “என்ன மச்சான், கலங்கல் தண்ணியில முங்குன மாதிரி இருக்கு. இந்தத் தெளிவுல ஒரு சங்குகூட எடுக்க முடியாது.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் என் தோளைத் தட்டினார். “கழட்டிப் பாருங்க. பளிச்சுன்னு இருக்கு.”

கழற்றினேன். பளிச்சென்றுதான் இருந்தது. எழுத்தும் முகமும் மீனும் கோடு பிசகாமல் ஒற்றையாகத் தெரிந்தன.

அங்கேதான் திருட்டு இருக்கிறது. 3டி படத்தில் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம், இரண்டும் திரையில் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். கண்ணாடி அவற்றைப் பிரித்து ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரியதை மட்டும் காட்டும். அதனால் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் உருவங்களின் ஓரம் இரட்டையாக, கலைந்தாற்போல் தெரிய வேண்டும். முழுப் படமும் எந்நேரமும் ஒற்றையாகத் தெளிவாகத் தெரிந்தால் அது சாதாரண 2டி. எங்களுக்குக் கொடுத்தது பேட்டரி இல்லாத லேசான பிளாஸ்டிக் கண்ணாடி. அந்த வகை, வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தானே குடித்துவிடும். அதாவது நல்ல வெளிச்சமாக ஓடிய 2டி படத்தை, 30 ரூபாய் கொடுத்து இருட்டாக்கிப் பார்த்திருக்கிறோம்.

முன்பு தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்த நண்பரிடம் பிறகு விசாரித்தேன். அந்தக் கண்ணாடி வேலை செய்ய வெள்ளிப் பூச்சுள்ள திரை வேண்டும், வெறும் வெள்ளைத் திரை போதாது. புரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் 3டி சாதனம் இருக்க வேண்டும். படமே 3டிக்குத் தனி, 2டிக்குத் தனி என்றுதான் வரும், இரண்டையும் திறக்கும் டிஜிட்டல் சாவிகளும் வேறு வேறு. “தெரியாம மாறிப் போச்சுன்னு சொன்னா நம்பாதீங்க. எது ஓடுதுன்னு ஆபரேட்டருக்குத் தெரியாம இருக்காது” என்றார்.

இடைவேளையில் மேனேஜரைத் தேடிப் போனோம். முதலில் சொன்ன பதில்: “இந்தப் படத்துல 3டி சில எடத்துலதான் சார் வரும். செகண்ட் ஆஃப்ல பாருங்க, மேல வந்து விழும்.” முழுப் படத்தையும் 3டியிலேயே உருவாக்கியிருக்கிறார்கள், சில இடம் பல இடம் என்ற பேச்சே கிடையாது. இதைச் சொன்னதும் பதில் மாறியது. லென்ஸ் ரிப்பேராம், காலையில்தான் போச்சாம், ஆள் வருகிறாராம். சரி, அப்படியென்றால் கண்ணாடியை ஏன் விற்றீர்கள் என்றால், “எல்லாரும் பேசாமப் பாக்குறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?” மாப்பிள்ளை அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் எங்கள் வரிசையிலும் முன்வரிசையிலும் பாதிப் பேர் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் என் பையன் சீட்டில் உட்காரவே இல்லை. வெளியே வரும்போது வாசலில் பெட்டி வைத்துக் கண்ணாடியை மட்டும் கறாராகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இவர்களுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நம்முடைய கடைசி பஸ்ஸிலிருந்து வருகிறது. 192 நிமிடப் படம். ஆறரை மணிக் காட்சி என்றால் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து முடியப் பத்தேகால் ஆகிவிடும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற கடற்கரைக்காரன் எவனும் நின்று 30 ரூபாய்க்குச் சண்டை போட மாட்டான். அது மேனேஜருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் சண்டையைப் படம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் போட்டுவிடுங்கள். முதல் காட்சி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் நிம்மதியாக உட்காரலாம். ஒற்றையாகவே தெரிந்தால் உடனே எழுந்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பாதிப் படம் முடிந்தபின் கேட்டால் ‘பார்த்துட்டீங்களே’ என்பார்கள். கூடுமானால் பகல் காட்சிக்குப் போங்கள். வாசலில் 3டி என்று எழுதிய போஸ்டரை உங்கள் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காதீர்கள். ஆதாரத்துக்காகத் திரையை மட்டும் போனில் பிடித்துவிடாதீர்கள். திருட்டு வீடியோ எடுத்தான் என்று கதையையே உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

எங்கே புகார் செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: தியேட்டர் நடத்த 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி ‘சி’ படிவ உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், நான் அதைத்தான் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்காகவே போட நினைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 1080 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டிலும் கேட்டார்கள். எத்தனை காட்சி, ஒரு காட்சிக்கு எத்தனை கண்ணாடி என்று அவர்களையே கணக்குப் போடச் சொன்னேன்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன். அந்தத் தியேட்டரில் ஏ.சி.யும் சவுண்டும் சீட்டும் குறை சொல்ல முடியாது. 2டி என்று போர்டு மாட்டி 2டி காசு வாங்கினால் தாராளமாகப் போகலாம். நேற்றுவரை போஸ்டரில் 3டி என்றுதான் இருந்தது.