விண்டேஜ் 808 என்று சொல்லி விற்கிறார்கள், உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய டியூப் ஸ்க்ரீமர் (எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல், காலால் மிதிப்பது) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1980 வாக்கில் வந்த ஒரிஜினல் ஐபனேஸ் கம்பெனி டியூப் ஸ்க்ரீமரான டிஎஸ்808 (சுருக்கமாக 808) என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பெடலில் கூடு மட்டும்தான் பழசு. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு அண்மையில் வந்தது.

விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தேய்ந்த பச்சை பெயின்ட், அந்தச் சின்னச் சதுர பட்டன், ஓரத்தில் துரு. எல்லாக் கோணத்திலும் படம் இருந்தது, உள்பக்கம் தவிர. அதைக் கேட்டதற்கு, "ப்ரோ, இத்தனை வருஷமா யாரும் திறக்காத பீஸ். நான் திறந்தா அதோட வேல்யூவே போயிடும்" என்றார். பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். வாசிப்பும் அருமை, சத்தமும் அருமை.

பெடல் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடாப்டர் செருகும் ஜாக். அந்தக் காலத்து 808-இல் அது 3.5 மி.மீ. துளையாக இருக்கும். இதில் இருந்தது இப்போது எல்லாப் பெடலிலும் வருகிற 2.1 மி.மீ. பேரல் ஜாக். இது ஒன்றை வைத்து மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது, வசதிக்காகப் பலர் மாற்றிக்கொள்வது உண்டு. விற்றவரும் அதைத்தான் சொன்னார்: "முன்னாடி வச்சிருந்தவர் மாத்தியிருப்பார்." சரி, யாருமே திறக்காத பெடலில் அவர் எப்படி ஜாக்கை மாற்றினார்? அதற்குப் பதில் இல்லை.

பெடல் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான்கு திருகைக் கழற்றினார், பார்த்தார், சிரித்துவிட்டார். அந்தக் காலத்துப் பெடல் என்றால் மங்கிய பழுப்பு நிறக் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டும். இதில் வரிசையாகப் பளபளவென்று நீல நிற மெட்டல் ஃபிலிம். சால்டர் எல்லாம் புதுசு, ஜாக்குக்குப் போகிற ஒயர்களின் முனையில் சால்டர் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸின் கறைகூடத் துடைக்கப்படவில்லை. நடுவில் சாக்கெட் வைத்து, பழைய 808-ஆல் பெயர்பெற்ற ஜேஆர்சி4558டி சிப் ஒன்று மட்டும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பெயரைப் பார்த்ததும் வாங்குபவர் வாயடைத்துப் போவார் என்கிற கணக்கு. சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்து விற்பதெல்லாம் ரொம்ப நாளாக நடக்கிறது. 4558 அப்படியொன்றும் அபூர்வமான சிப்பும் இல்லை, இன்றும் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) தான்.

அப்படியென்றால் வீடியோவில் சத்தம் எப்படி அவ்வளவு சரியாக இருந்தது? இந்த ஏமாற்று வேலை ஓடுவதே அதனால்தான். 808-க்கும் அதற்கு அடுத்து 1982-இல் வந்த டியூப் ஸ்க்ரீமரான டிஎஸ்9-க்கும் சர்க்யூட்டில் முக்கிய வித்தியாசமே அவுட்புட்டில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். முன்னதில் 100 ஓம், 10 கிலோஓம். பின்னதில் 470 ஓம், 100 கிலோஓம். மற்றபடி அதே ஆப்-ஆம்ப், அதன் ஃபீட்பேக்கில் எதிரெதிராக இரண்டு சிலிக்கான் டயோடு, 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைக்கும் ஏற்பாடு. மூக்கால் பாடுவது போல அந்த மிட் (நடுத்தர ஒலி) முன்னால் வந்து நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். இதே அளவுகளை வைத்து யார் கட்டினாலும் அந்தச் சத்தம் வரும். அது ரகசியமும் இல்லை. அதனால் சத்தத்தைக் கேட்டு வயதைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். வீடியோ எதற்கும் அத்தாட்சி ஆகாது.

ஒரே வருடத்தில் வந்த இரண்டு பழைய பெடல்களே ஒன்றுபோல ஒலிப்பதில்லை என்பது வேறு விஷயம். பாட் (நாப்பைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) எல்லாம் சொன்ன மதிப்பிலிருந்து இருபது சதவீதம் வரை முன்பின் இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வருடம் போகப் போகக் காய்ந்துவிடும். ஒருவருடைய பழைய 808 தேனாக இருந்தால் இன்னொருவருடையது வெறுமனே மங்கலாக இருக்கலாம். இரண்டுக்கும் கேட்பது ஒரே விலை.

என்னைக் கேட்டால், மேடையில் மிதிக்க ஓவர்டிரைவ் வேண்டும் என்றால் விண்டேஜ் பக்கமே போக வேண்டாம். 808 ரீஇஷ்யூ (அதே மாடலின் மறுவெளியீடு) 2004-லேயே வந்துவிட்டது, டிஎஸ்9 அதற்கும் முன்பே 90-களில் திரும்பி வந்தது. அவுட்புட் ரெசிஸ்டர் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு டிஎஸ்9 வாங்கி அந்த இரண்டை மாற்றினால் போதும், சால்டரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலைகூட இல்லை. பேஸ் (அடி ஒலி) குறைவதே பிடிக்கவில்லை என்றால் பழசு, புதுசு என்று தேடுவதில் அர்த்தமில்லை, அந்தச் சர்க்யூட்டே அப்படித்தான். சுத்தமான சத்தத்தையும் கொஞ்சம் கலந்து விடுகிற நவீனப் பெடல்கள் அதற்காகவே இருக்கின்றன. சேகரிப்பவர்கள் கதை வேறு. அவர்கள் காசு கொடுப்பது வயதுக்கு, அந்த வயது உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆகவே உள்பக்கப் படம் இல்லாமல் விண்டேஜ் விலை கொடுக்காதீர்கள். போர்டின் இரண்டு பக்கமும் வேண்டும், பாட்டின் முதுகில் குத்தியிருக்கும், தயாரித்த காலத்தைக் காட்டும் எண்கள் தெரிய வேண்டும், அன்றைய தேதி எழுதிய சீட்டு ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. திறந்தால் மதிப்புப் போய்விடும் என்பது சுத்தப் பொய், ஸ்க்ரூடிரைவர் என்ன வெடிகுண்டா? அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள். அதில் பின்னாளில் வந்த ஐரோப்பிய சிஇ முத்திரையோ, குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படமோ இருந்தால் அது 1980-களின் தொடக்கத்துப் பெடலாக இருக்க முடியாது.

இன்னொரு பிரபல ஓவர்டிரைவ் பெடலான க்ளான் சென்டார் தேடுபவர்களுக்கு இந்த வழியும் உதவாது. பில் ஃபின்னெகன் 1994-இலிருந்து செய்த அந்தப் பெடல்களில் போர்டின் மேல் எபாக்ஸி என்கிற இறுகும் பசையை ஊற்றி மூடியிருப்பார். திறந்தாலும் தெரிவது ஒரு கட்டிதான், அதே மாதிரி எதையாவது ஊற்றி மூடுவது போலி செய்பவனுக்குக் கஷ்டமே இல்லை. மொத்தமே ஏறக்குறைய எட்டாயிரம்தான் செய்யப்பட்டது என்பார்கள், விலை எங்கோ போய்விட்டது. நேரில் போய், ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவரோடு பார்த்தால் ஒழிய அதைத் தொட மாட்டேன்.

என் விஷயத்தில், திறந்து எடுத்த படங்களை அனுப்பியதும் விற்றவரின் பேச்சு மாறியது. "எப்பவோ ரிப்பேர்ல போர்ட மாத்தியிருப்பாங்க ப்ரோ, கூடு ஒரிஜினல்தானே?" என்றார். பிறகு பதிலே இல்லை. பணம் கட்டிய சேவையில் புகார் கொடுத்து, விளம்பர வாசகத்தையும் உரையாடலையும் அப்படியே சேர்த்த பிறகுதான் திருப்பி அனுப்ப வழி பிறந்தது. பெடலுக்குக் கொடுத்தது வந்துவிட்டது. அனுப்பும் செலவு இரண்டு பக்கமும் என் தலையில். பணம் போன வழியில் இப்படிப் புகார் கொடுக்கும் வசதி இல்லாமல் நேராகக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் அதுவும் வந்திருக்காது.

அந்தப் பெடல் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே வாசகம், அதே படங்கள், கூடவே "திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று ஒரு வரி. டோன் நாப்புக்குக் கீழே நகக்கண் அளவுக்குப் பெயின்ட் போயிருக்கும். அடித்தகட்டுத் திருகுகளில் மூன்று மங்கல், ஒன்று மட்டும் புது வெள்ளி நிறம். பார்த்தால் உள்பக்கப் படம் கேளுங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் சொல்லுங்கள்.