பெல்லட் ஸ்மோக்கரா, கரிப் பீப்பாயா?

அரியாங்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில், மீனையும் இறைச்சியையும் மரப்புகையில் வேகவைக்கும் ஒரு பெல்லட் ஸ்மோக்கர் நிற்கிறது. கடலூர் முதுநகரில் என் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று அதே வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் முதல் நெருப்பு மூட்டிய அன்று நான் உடன் இருந்தேன். எது வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் ருசியைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நம் கடற்கரையில் முதலில் விசாரிக்க வேண்டியவை காற்றின் ஈரமும் மின்சாரமும்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் பருமனுள்ள சிறு துண்டு. பக்கவாட்டுப் பெட்டியில் கொட்டினால், ஒரு திருகுதண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுபோய் நெருப்புக் கிண்ணத்தில் போடும். ஒரு கம்பி மின்சாரத்தில் பழுத்துப் பற்றவைக்கும். சிறு விசிறி ஊதும். எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று எண்ணை அமைத்துவிட்டால் போதும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துக்காரரான ஜோ டிரேகர் 1986-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அடுப்படியில் காவல் இருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வரம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கருவி என்றால் செருகியைத் தொடுவதற்கு முன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அது போட்டாலும் அங்கே 60 ஆக இருக்கும் அலைவெண் இங்கே 50 என்பது மாறாது. மாறுமின்னோட்ட மோட்டார் என்றால் தண்டு சற்று மெதுவாகத்தான் சுழலும்.

முதல் நாள் இறைச்சியை உள்ளே வைக்கவே கூடாது. காலித் தண்டில் பெல்லட் நிரம்பிக் கிண்ணம்வரை வந்து சேரவே சில நிமிடங்கள் ஆகும். எங்கள் மாடியில் "டக்" என்று முதல் துண்டு கிண்ணத்தில் விழுந்த சத்தத்துக்காக நான்கு பேர் மூச்சடக்கிக் குனிந்திருந்தோம். பிறகு வெண்புகை, அடர்த்தியாக, கண்ணைக் கரிக்கும்படி. நெருப்பு நன்றாகப் பிடித்ததும் அது மெலிந்து நீலம் பாய்ந்தது. மூடியைச் சாத்தி 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வெறுமனே ஓட விட்டோம். தொழிற்சாலையில் தடவிய எண்ணெயின் வாடை அப்போதுதான் போனது. அணைக்கும்போதும் பொறுமை வேண்டும். நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகு கிண்ணத்தில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை விசிறி ஓடும்; அதற்குள் செருகியைப் பிடுங்கக் கூடாது.

பீப்பாய்க்கு முதல் நாள் வேலை இதைவிடக் கடினம். வாங்கும்போதே அதில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூர்ப் பக்கம் ரசாயன ஆலைகள் உண்டு. சமையல் எண்ணெயோ பழச்சாறோ வந்த பீப்பாயைத் தவிர வேறு எதையும் நான் தொட மாட்டேன். துத்தநாகப் பூச்சு உள்ளதும் ஆகாது, சூட்டில் நச்சுப்புகை வரும். மைத்துனர் சவுக்குக் கட்டைகளை உள்ளே அடுக்கி, பெயின்ட் முழுவதும் உரிந்து தகடு சாம்பல் நிறமாகும்வரை எரித்தார். பிறகு கழுவி, கடலை எண்ணெய் தடவி, மறுபடி சூடேற்றினார். அடியில் காற்றுக்கு மூன்று துளைகள், மூடியில் புகை போக ஒன்று. எரிபொருள் கொட்டாங்கச்சிக் கரி. மணத்துக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை. பண்ருட்டி முந்திரி ஓடு சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அதன் எண்ணெய் தோலையே புண்ணாக்கும். அந்தப் புகை உணவில் படவே கூடாது.

இனி ஈரம். போன ஐப்பசியில் பாதி மூட்டை பெல்லட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நான்கு நாள் அடைமழை. திரும்பி வந்து இயக்கினால் தண்டு முனகியது, சுழலவில்லை. திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன்: பெல்லட் நீர் குடித்து ஊதி, தூளாக உதிர்ந்து, தண்டைச் சுற்றிச் சிமென்ட் போல இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழு மாலை ஆயிற்று. இப்போது சமையல் முடிந்ததும் பெட்டியைக் காலி செய்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வைக்கிறேன். கரிக்கு இந்தத் தொல்லை இல்லை. நனைந்தால் வெயிலில் கொட்டிக் காயவைக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாய்லருக்கென்று விற்கும் மலிவு பெல்லட்டில் பசையும் பெயின்டும் பட்ட மரத்தூள் கலந்திருக்கலாம். சமையலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை செலவாகும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

அடுத்தது மின்வெட்டு. நடுவில் மின்சாரம் போனால் விசிறியும் தண்டும் நின்றுவிடும். கிண்ணத்து நெருப்பு தண்டு வழியே பெட்டியை நோக்கிப் பின்னால் ஏற வாய்ப்பு உண்டு. மின்சாரம் வந்ததும் அவசரமாக மீண்டும் இயக்கினால், குவிந்து கிடக்கும் பெல்லட் ஒரேயடியாகப் பற்றும். ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 300 வாட் வரை இழுக்கும். அப்புறம் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். ஆகவே நல்ல சைன் அலை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன். ஆனால் 2011-இல் தானே புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்தால், பீப்பாய்க்கு முன்னால் எந்தக் கருவியும் நிற்காது.

மீனில் போட்டி வைத்தோம். முதுநகர்த் துறைமுகத்தில் வாங்கிய கானாங்கெளுத்தி, வாங்கிய நொடியிலிருந்து ஐஸில். இந்த மீனும் சூரையும் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு புகைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். அடுத்து மேற்பரப்பு உலர வேண்டும். கடற்காற்றில் அது உலரவே உலராது, மின்விசிறியின் கீழ்தான் வைக்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் பசை போல ஒட்ட வேண்டும். அந்தப் பதத்தில்தான் புகை பிடிக்கும். பெல்லட்டில் 90 டிகிரியில் இரண்டு மணி நேரம். நிறம் வெளிர்பொன், சதை ஈரமாக, மணம் மென்மையாக. பீப்பாயில் வெப்பம் 85-க்கும் 120-க்கும் இடையே அலைந்தது. ஆனால் மீனின் கொழுப்பு கரியில் சொட்டி எழுந்த புகை அதன் தோலில் ஏறியிருந்தது. நிறம் தேக்குக் கட்டை போல. முதல் துண்டு வாய்க்குள் போனதும் என் மாமியார், "மாப்பிள்ளை, இதுதான் மீன்" என்று பீப்பாயின் பக்கம் கைகாட்டினார். எனக்கும் அதே தீர்ப்புதான்.

பன்றித் தோளில் ஆட்டம் மாறியது. உள்வெப்பம் 95 டிகிரி ஏற வேண்டும். 70-ஐ ஒட்டி இறைச்சி வியர்த்து, வெப்பமானியின் முள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மைத்துனர் இரவு முழுக்க எழுந்து எழுந்து துளைகளை மூடித் திறந்தார். நான் 110-இல் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எலும்பு கையோடு கழன்று வந்தது.

வேலைக்குப் போகிறவர், இரவுச் சமையல் செய்கிறவர், இன்வெர்ட்டரும் மழை படாத இடமும் உள்ளவர் பெல்லட் வாங்கலாம். உப்புக்காற்று தகட்டைத் தின்னாமல் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். மீனுக்காகவே வாங்குகிறவருக்குப் பீப்பாய் போதும். துருப்பிடித்தால் இன்னொன்று வாங்குவதும் பெரிய செலவில்லை. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடை ஜூன் 14-இல் முடியும். அதற்குள் மைத்துனரின் பீப்பாய்த் துளைகளுக்குத் தள்ளும் மூடி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். படகுகள் கரை திரும்பியதும் முதல் கூடை அங்கேதான் போகிறது.