பதுளையில் ஏசி: பழையதைப் பராமரித்ததும் புதியதை மாட்டியதும்

பதுளை வீட்டில் ஏசி இருக்கிறது என்று சொன்னால் நுவரெலியாச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருப்பது ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில். பதுளை டவுனோ 680 மீற்றரில், சுற்றிவர மலை நிற்கும் கிண்ணத்துக்குள் கிடக்கிறது. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் அட்டன் பக்கம் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது காய்ந்துபோய்த்தான் வரும். ஜூன், ஜூலையில் மேல்மாடி ஸ்லாப் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும். அந்த ஸ்லாப்புக்குக் கீழே உள்ள அறைக்குத்தான் 2014இல் 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி வாங்கினோம். தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை, உள்ளே குளிரூட்டும் காஸ் ஆர்22. 2023 வரை ஓடியது. இப்போது இருப்பது ஆர்32 என்ற புது வகைக் காஸில் ஓடும் இன்வெர்ட்டர்.

கொழும்பில் ஏசிக்கு ஓய்வே இல்லை. இங்கே அது வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும், பிரச்சினையே அந்தச் சும்மா கிடப்பதில்தான். நவம்பரில் தொடங்கி வடகீழ் பருவக்காற்றோடு நீளும் மழைக்கு அலுமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். உள் யூனிட்டில் காற்றை ஊதும் பிளோவர் உருளை மட்டும் தப்புமா? மாசியில் முதல் தடவை போட்டதும் குப்பென்று ஒரு முடை நாற்றம். பில்டரைக் கழுவினால் இது போகாது. கடையில் விற்கும் நுரை ஸ்ப்ரே கொஞ்ச நாளைக்கு வாசத்தை மறைக்கும், அவ்வளவுதான். யூனிட்டுக்குக் கீழே பொலித்தீன் கட்டி, பம்ப் வைத்து உருளையை அடித்துக் கழுவினால்தான் கறுப்புத் தண்ணீராக எல்லாம் இறங்கும். அதன் பிறகு இரண்டு பழக்கம் பிடித்துக்கொண்டோம். நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் பேன் மோடில் ஓட விட்டுக் கொயிலை, அதாவது காஸ் ஓடும் குளிர்க் குழாய்ச் சுருளை, காய வைப்பது ஒன்று. மழை மாதங்களில் வாரம் ஒரு பகல் டிரை மோடில் ஓட விடுவது மற்றது. அறை ஈரமும் குறையும், மெஷினும் காயும். இப்போது வருடத்துக்கு ஒரு பெரிய சர்விஸ் போதுமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் ஏசி பாக்கிற தம்பிமாரைப் பிடிக்கவே முடியாது, அதனால் தை முடிவிலேயே கூப்பிட்டுவிடுவேன்.

ஈரத்தை அப்படிச் சமாளிக்கலாம். இடி அப்படியில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலையே அதிரும். பழைய ஏசியை இயக்கும் மின்னணு போர்ட் அப்படி ஒரு பின்னேரம்தான் போனது. வாரண்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால், "மின்னலுக்கு வாரண்டி இல்லை மிஸ்" என்றார்கள். பொடி எழுத்தில் இருந்தது உண்மைதான். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, ஏசிக்கு வரும் கரண்டையே துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சைச் சுவரில் இறக்க வேண்டும். டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது மனிதருக்கு ஷொக் அடிக்காமல் காப்பாற்றும், போர்டை மின்னலிலிருந்து காப்பாற்றாது. அதற்கு, திடீரென ஏறும் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பிவிடும் சேர்ஜ் அரெஸ்டர் வேறாக வேண்டும், அதற்கு நல்ல எர்த்தும் வேண்டும். எங்கள் பக்கத்துக் கல் தரையில் எர்த் கம்பியை அடித்துவிட்டுப் போனால் வேலை முடிந்ததாக ஆகாது. மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

2022இல் இன்னொரு சோதனை. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரக் கரண்ட் வெட்டு நினைவிருக்கும். அந்த நாட்களில் கரண்ட் வந்த உடனேயே ஏசியைப் போடக் கூடாது. காஸை அழுத்தும் கம்ப்ரஸரின் இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். அது தெரிந்து காத்திருந்தும், வரும்போதே ஏறி இறங்கும் வோல்டேஜில், கம்ப்ரஸரைக் கிளப்பி விடும் கப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டது. வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று முனகும், ஓடாது. இந்தச் சத்தத்தைக் கேட்டு கம்ப்ரஸர் போச்சு என்று பயப்பட வேண்டாம், முதலில் கப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மலிவான சாமான். இறக்குமதிக்கு டொலர் இல்லாத காலம் என்பதால் அதற்கும் அலைய வேண்டியிருந்தது, அது வேறு கதை.

கடைசியில் பழையதை அனுப்பி வைத்தது காஸ். குளிர் குறைந்தது, தம்பி வந்தார். "அக்கா, காஸ் குறைஞ்சிருக்கு. அடிச்சு விட்டா சரி."

"அடிக்கிறது இருக்கட்டும் தம்பி, இருந்த காஸ் எங்க போச்சு?"

காஸ் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ லீக். சவர்க்கார நுரை வைத்துத் தேடியதில் உள் கொயிலின் செம்புக் குழாயில் ஊசித்துளைகள். ஈரத்தோடு வார்னிஷ், கிளீனர் ஆவியில் இருக்கும் அமிலங்கள் சேர்ந்து செம்பை உள்ளே அரிக்குமாம். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். புதுக் கொயில் போடலாம் என்றால், ஆர்22 ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளிலும் 2030இல் நிறுத்தப்பட வேண்டிய காஸ். அதற்குப் பணம் கொட்ட மனம் வரவில்லை.

புதியது மாட்டும்போது பழைய குழாயையே பயன்படுத்தலாம் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. பழையதன் பெரிய குழாய் அரை அங்குலம், புதியது கேட்பது எட்டில் மூன்று அங்குலம். பழைய எண்ணெய் உள்ளே ஒட்டியிருக்கும், ஆர்32இன் அழுத்தமும் ஆர்22ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். இன்னொன்று, வாக்யூம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. மாட்ட வந்தவர் கொஞ்சம் காஸைத் திறந்து காற்றை வெளியே தள்ளிவிட்டுப் பூட்டப் பார்த்தார். மழை நாள், குழாய்க்குள் ஈரக் காற்று. பம்ப் கொண்டுவந்து வாக்யூம் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். ஆர்32 லேசாகத் தீப்பற்றும் காஸ் வேறு, அதைக் காற்றில் திறந்துவிடுவது எந்த வகையிலும் நல்லதல்ல. முகம் கோணினாலும் பின்னேரம் பம்ப் வந்தது.

பில் விஷயத்தில் இன்வெர்ட்டர் சொன்னதைச் செய்கிறது. 26 பாகையில் வைத்தால் அறை குளிர்ந்த பிறகு மெதுவாகத் தணிந்து ஓடுகிறது. மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேலே வருவதற்கு அதிக விலை என்பதால் எங்களுக்கு அந்தக் கோடுதான் முக்கியம். வெயில் மாதங்களிலும் அதற்குள்ளேயே நிற்கிறோம், பழையதில் முடியவில்லை. குறை இல்லாமல் இல்லை. இதன் போர்ட் பழையதை விடப் பல மடங்கு விலை, ஆகவே இடி நாளில் ஐசொலேட்டர் ஓட்டம் முன்னை விட வேகம். வைபை வசதியை ஒரு தடவைகூட உருப்படியாகப் பயன்படுத்தவில்லை, அதற்குக் கொடுத்த கூடுதல் காசு வீண். மற்றபடி இன்றைக்கு வாங்கச் சொன்னாலும் இதே அளவு, இதே வகைதான் வாங்குவேன், வைபை இல்லாத மாடலாக.